மணிக்கும் சேர்த்து ஒரு டென்ட்!

யூடியூபில் ஒரு ஜோடி... பழைய வேன், ஒரு டென்ட், ஒரு நாய். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ட்ரான்ஸ்-கனடா ஹைவேயில் ஜாலியா போயிட்டே இருக்காங்க. நான் வாயைப் பிளந்து பார்த்துட்டு இருந்தப்போ, கால்மாட்டுல படுத்திருந்த மணி 'அச்'சுன்னு ஒரு தும்மல் போட்டான். மணி ராத்திரி பத்து. காத்து எங்க தெருப் பக்கம் திரும்பியிருந்துச்சு.

கடலூர் சிப்காட்டை ஒட்டின ஊர்க்காரங்களுக்கு இந்தத் தும்மலுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்கு மட்டும்: 2004-ல் எங்க பகுதி ஜனங்களே பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள்ள பையைப் பொருத்தி, காத்தைப் பிடிச்சு லேபுக்கு அனுப்பினாங்க. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டுலயே மிக மோசமா மாசுபட்ட 43 தொழிற்பகுதிகள்னு ஒரு லிஸ்ட் போட்டப்போ, கடலூரும் அதுல இருந்துச்சு. எங்க அப்பாவுக்கு சிப்காட்லதான் கான்ட்ராக்ட் வேலை. என் செமஸ்டர் ஃபீஸ் அங்கேயிருந்துதான் வருது. அதனால, மூக்கைப் பொத்திக்கிட்டே நன்றியும் சொல்ற கேஸ் நாங்க!

மணிக்கு ஒன்பது வயசு. நாட்டு நாய்க்கு அது தாத்தா வயசு. எனக்கு அடுத்த வருஷம் ஃபைனல் இயர். அப்புறம் வேலை, எந்த ஊரோ. அதுக்குள்ள ஒரு ராத்திரியாவது இவனை வெறும் கடல் காத்துல தூங்க வெச்சிடணும்னு முடிவு பண்ணினேன். பிளானைக் கேளுங்க. உங்களுக்கும் உதவும்.

எதுல போறது?

பஸ்னு சொன்னதும் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். ரயில்ல நாயைக் கூட வெச்சுக்கணும்னா ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஒரு கூபேயையே மொத்தமா புக் பண்ணணும். இல்லேன்னா கார்டு வேன்ல இருக்கிற நாய்க் கூண்டு. நானே இன்னும் ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸைப் பார்த்ததில்லை பாஸ்! கடைசியில மாமாவோட பழைய ஆம்னி வேன் கிடைச்சுது. "சீட்டுல முடி இருந்தா உன் தலைமுடியை எடுத்துடுவேன்"ங்கிற கண்டிஷனோட.

எங்கே தங்குறது?

இதுதான் பெரிய தலைவலி. கனடாவுல தேசியப் பூங்கா கேம்ப்ல நாயைக் கயித்துல பிடிச்சுக்கிட்டாப் போதும். ஆனா கரடி வரும்னு சாப்பாட்டைப் பூட்டி வைக்கணும். 'நமக்கு அந்தப் பயம் இல்லையே'ன்னு சிதம்பரம் பக்கத்துல கொள்ளிடக் கரையில டென்ட் போடலாம்னேன். சிதம்பரத்துல தங்கிப் படிக்கிற நண்பன் தலையில அடிச்சுக்கிட்டான். அங்கே முதலை இருக்கு! ஊருக்குள்ளயே வந்து, வனத்துறை பிடிச்சு வக்காரமாரி ஏரியில விடுறது அங்கே வழக்கம். தண்ணி குடிக்க இறங்குற நாய் அதுக்கு டிபன்.

பிச்சாவரம் காப்புக்காடு, அங்கேயும் டென்ட் ஆகாது. பீச்சுல அனுமதி இல்லாம படுத்தா, நடு ராத்திரி போலீஸ் எழுப்பும். கடைசியில, சாமியார்பேட்டை பக்கம் இன்னொரு நண்பனோட தாத்தாவுக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. "படுத்துக்குங்க தம்பி, ஆனா தோப்புக்குள்ள தீ மூட்டக் கூடாது"ன்னார். காய்ஞ்ச சவுக்குச் சருகு பெட்ரோல் மாதிரி பத்திக்கும். மணல்ல தள்ளி வந்து சமைச்சோம்.

எவ்வளவு ஆச்சு?

பெட்ரோல் 900, டென்ட் வாடகை 300, அரிசி, முட்டை, மீன் 250, தண்ணி கேன் 50. ஆக மொத்தம் 1,500 ரூபாய். மூணு பேர், தலைக்கு 500. மணிக்கு ஃப்ரீ!

கிளம்புறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவமனையில வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, சீட்டை பத்திரமா வெச்சுக்குங்க. புறப்படறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திடுங்க. நான் நிறுத்தலை. ஆலப்பாக்கத்துல மாமாவோட சீட்டு அவுட்! வெயில்ல வண்டியைப் பூட்டி நாயை உள்ளே விட்டுட்டுப் போகவே போகாதீங்க, உயிருக்கே ஆபத்து. அக்டோபர்லயிருந்து டிசம்பர் வரைக்கும் எங்க கரைக்கு மழையும் புயலும் சீசன். ஜனவரி, பிப்ரவரிதான் பெஸ்ட்.

முதல்ல பிச்சாவரம். எம்.ஜி.ஆரோட 'இதயக்கனி' எடுத்த அதே கால்வாய்கள். ரெண்டு பேர் படகுல போக, ஒருத்தர் மணியோட கரையில. அப்புறம் ஆள் மாத்தி. 2004 சுனாமியப்போ இந்த அலையாத்திக் காடு பின்னாடி இருந்த ஊர்களுக்கு அடி குறைஞ்சுதுன்னு ஆராய்ச்சியே வந்திருக்கு. படகுல இருந்து அந்த வேர்களைப் பார்த்தா நம்பலாம்.

ராத்திரி, மணி டென்ட்டுக்குள்ள வரவே மாட்டேன்னுட்டான். வாசல்ல படுத்து, மூக்கைக் கடல் பக்கம் நீட்டிக்கிட்டான். ஒரு தும்மல் இல்லை. நிம்மதியா தூங்கிட்டேன். விடியக்காலை நாலு மணிக்கு முழிச்சா... கயிறு மட்டும் கிடக்கு!

டார்ச்சோட தோப்பு முழுக்கக் கத்தினேன். முதலை, ரோடு, லாரி எல்லாம் மனசுல ஓடுது. கடைசியில கரையில, வலையை உதறிட்டிருந்த மீனவர் ஒருத்தர் சிரிச்சார். "உங்களுதா தம்பி? நாலு மத்தி தின்னுட்டான்." மணி வாலை ஆட்டினான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. தயவுசெஞ்சு கழுத்துப் பட்டையில உங்க போன் நம்பரை எழுதிடுங்க. முடிச்சையும் ரெண்டு தடவை பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஷிப்ட் முடிச்சு வந்து திண்ணையில உட்கார்ந்தார். மணியை மோந்து பார்த்துட்டு, "மீன் வாடை அடிக்குதே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டார்.

"அந்த டென்ட்டுல நாலு பேர் படுக்கலாமாடா?"

அடுத்த ட்ரிப் அப்பாவோட வார லீவு அன்னைக்கு. இந்தத் தடவை தலைக்கு 375 ரூபாய்தான் ஆகும். நீங்களும் உங்க வீட்டு மணியைக் கூட்டிட்டு ஒரு ராத்திரி கிளம்புங்க ஃப்ரெண்ட்ஸ்!