இடது காது

அம்மாவுக்கு முதலில் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. பல் தேய்த்தால், பஸ் ஜன்னல் காற்று பட்டால், ஒரு வாய் சோறு மென்றால்கூட இடது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி துடித்துப்போவாள். அதற்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர் என்பது தெரியவே இரண்டு வருடம் ஆனது. முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் ஐந்தாவது மூளை நரம்பை, அதன் வேரருகே ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருந்தது. கார்பமசெபின் மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. டோஸ் ஏற ஏறத் தள்ளாட்டமும் தூக்கமும்தான் மிச்சம்.

ஆபரேஷன் என்றார் டாக்டர். முழு மயக்கம் கொடுத்து, காதுக்குப் பின்னால் எலும்பில் சின்னதாகத் திறந்து, குழாயை விலக்கி, நடுவில் டெஃப்ளான் துணுக்கை வைப்பார்கள். அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜனெட்டா 1960களில் தொடங்கி வளர்த்தெடுத்த முறை.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. முகம் மரத்துப்போகலாம், கோணலாகலாம், பக்கவாதம் வரலாம், அந்தப் பக்கக் காது கேட்காமல் போகலாம்.

"என்னடா போட்டிருக்கு?"

"எல்லாம் ஃபார்மாலிட்டிதாம்மா."

கையெழுத்துப் போட்டாள். படித்துச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

கண் விழித்தபோது வலி இல்லை. மூன்றாம் நாள் போனை இடது காதில் வைத்துக்கொண்டு, "லைன் கட்டாயிருச்சா?" என்றாள். கேட்கும் நரம்பான எட்டாவது நரம்பு அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகிறது. சிறுமூளையை ஒதுக்கும்போது அது இழுபடலாம். அதற்கு ரத்தம் தரும் மெல்லிய குழாய் சுருங்கிவிடலாம். யார் கை தவறாவிட்டாலும் இது நடக்கும் என்றார் டாக்டர். கேட்கும் திறன் திரும்பவில்லை.

இப்போது அம்மா முகம் கழுவித் துண்டால் அழுத்தித் துடைக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் குக்கர் விசில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிவதில்லை. கல்யாண வீட்டில் யார் பேசினாலும் வெறுமனே சிரித்துவைக்கிறாள்.

ஆறு மாதம் கழித்து, அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"தெரிஞ்சிருந்தாலும் பண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன். அந்த வலி உனக்குத் தெரியாது. ஆனா காது என்னுதுல்ல? நீ கேட்டிருக்கணும்டா."