வண்டிக்குத் தீனி

ஆவடியில் வசிப்பவர்களுக்கு வண்டி என்ற சொல் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது பீரங்கி வண்டிதான். 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை எங்கள் ஊரின் அடையாளம். விஜயந்தா தொடங்கி அர்ஜுன் வரை இங்கிருந்துதான் புறப்பட்டன. அத்தொழிற்சாலையில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற அண்டை வீட்டுப் பெரியவர், எங்கள் புதிய மின்சாரக் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டாங்கியே தூரம் போகணும்னா ரயில்லயோ டிரைலர்லயோ ஏத்தித்தான் அனுப்புவோம் சார். இதை நம்பியா காட்டுமன்னார்கோயில் போறீங்க?"

போவதற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. அவருடைய தம்பி, எங்கள் மாமா, வீராணத்துப் பாசனத்தில் ஒரு சிற்றூரில் இன்னும் பயிர் செய்துகொண்டிருக்கிறார். இருவரும் நேரில் பார்த்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பேருந்தில் அத்தனை நேரம் அம்மாவால் அமர இயலாது. ஆகவே மாசி முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை அதிகாலை நாங்கள் நால்வரும் புறப்பட்டோம்.

தொலைவு ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் இறங்கி, செங்கல்பட்டு, திண்டிவனம், விக்கிரவாண்டி வரை திருச்சி நெடுஞ்சாலை. அதன்பின் பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலை. வண்டியின் மின்கலம் 45 யூனிட் கொள்ளும். நிதானமாக ஓட்டினால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிடைக்கிறது. நிதானம் என்பது இங்கே அறிவுரை மட்டுமன்று, கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. எண்பதில் செல்லும் வண்டி நூறில் சென்றால் வேகம் கால் பங்குதான் கூடும். காற்று பிடித்திழுக்கும் விசையோ பாதிக்கு மேல் கூடிவிடும். எனவே எங்களை முந்திச் சென்றவர்களை வாழ்த்தி அனுப்பினோம்.

கணக்குப்படி ஒரே மூச்சில் போய்விடலாம். ஆயினும் திண்டிவனத்தில் மின்னேற்றிக்கொள்வதென்று முன்னரே தீர்மானித்திருந்தோம். மாமா வீட்டில் மின்னேற்ற வசதிப்படுமா என்பது தெரியாது. உப்பு வணிகரான உமணர் மேடுபள்ளங்களில் வண்டி அச்சு முறியக்கூடுமென்று, மற்றோர் அச்சை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு செல்வார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஔவையார் புறநானூற்றில் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிட்டிருக்கிறார். மின்கலத்தில் மிச்சம் வைக்கும் முப்பது விழுக்காடு எங்களுக்குச் சேம அச்சு.

திண்டிவனத்தை நெருங்கும்போது 63 விழுக்காடு இருந்தது. முதலில் சென்ற நிலையத்தில் இயந்திரம் உயிரற்று நின்றது. காவலாளிக்கு அது பழுதென்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்த வாடகைக் கார் ஓட்டுநரான ஓர் இளைஞர், "இதை விடுங்க சார், போன வாரத்துலேர்ந்து இப்படித்தான். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓட்டல் வாசல்ல இருக்கு, நான் இப்பதான் போட்டுட்டு வர்றேன். எண்பதுக்கு மேல ரொம்ப மெதுவா ஏறும், காத்துக் கிடக்காதீங்க" என்று வழி சொன்னார். இட்லி உண்டு காப்பி அருந்தி முடிப்பதற்குள், ஏறக்குறைய அரைமணி நேரத்தில், 90 விழுக்காடு ஏறிவிட்டது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்லத் தமிழ் படித்த மனம் ஒப்பவில்லை. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கில்தான் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை வழிநடத்திச் சேர்ப்பது இவ்வூருக்குத்தான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தருவர், வேலூரில் எயினர் புளிக்கறியிட்ட சோறு தருவர், ஆமூரில் உழவர் வெண்சோற்றோடு நண்டுக் கலவை தருவர் என்று அவன் சொல்வதில் பாதை எவ்வளவு உண்டோ அவ்வளவு உணவும் உண்டு. வழி என்பது எங்கே யார் உணவளிப்பார் என்ற செய்திதான். பெட்ரோல் கிடைக்காத இடமில்லை என்றான பிறகு அச்செய்தி நமக்குத் தேவைப்படாமல் போயிற்று. 1888-இல் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றபோது, வழியில் ஒரு மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார். புதிய வண்டியின் முதல் நெடும்பயணம் எக்காலத்திலும் யாரையேனும் கேட்டுத்தான் நடக்கிறது போலும்.

பண்ருட்டியைக் கடந்ததும் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும். அப்பால் நெய்வேலியின் புகைபோக்கிகள் தெரிந்தன. "நம்ம கார்ல புகை வராதுன்னு சொன்னீங்களே, இங்கே வருதே" என்றாள் மகள். அவள் விளையாட்டாகச் சொன்னாலும் அது மெய். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இங்கே அமைந்தது. சோவியத் துணையோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962 முதல் மின்சாரம் தருகிறது. எங்கள் வண்டியில் ஏறும் மின்சாரத்தில் முப்பந்தல் காற்றும் கமுதி வெயிலும் கூடங்குளத்து அணுவும் இந்தக் கரியும் கலந்தேயிருக்கின்றன. எது எவ்வளவென்று பிரித்துப் பார்க்க வண்டியின் திரையில் வழியில்லை. கரிக்காக நிலம் தந்த ஊர்கள் பல. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகம் தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நின்றிருந்தது நெல் என்றார்கள் உழவர்கள்.

இதே தடத்தில்தான் சென்னைக்கு நீரும் செல்கிறது. வீராணம் ஏரியின் நீரைச் சேத்தியாத்தோப்பில் இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, போரூர் வரை குழாயில் கொண்டுவரும் திட்டம் 2004-இல் செயலுக்கு வந்தது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திறனுடையது. பராந்தக சோழன் காலத்தில் பாசனத்துக்கென வெட்டிய ஏரி, ஆயிரம் ஆண்டு கழிந்து, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. மின்சாரமும் நீரும் வடக்கே போகும் வழியில், அவ்விரண்டையும் நுகர்பவர்களாகிய நாங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தோம்.

வடலூரில் இறங்கி அம்மாவைத் தருமச்சாலைக்கு அழைத்துச் சென்றோம். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வந்தவரிடம் ஊரோ பேரோ கேட்பதில்லை. அம்மா அடுப்பின் முன் நெடுநேரம் நின்றார்.

மாமா வீட்டை அடைந்தபோது 50 விழுக்காடு மிச்சமிருந்தது. அக்காளும் தம்பியும் அழுது முடித்துப் பேசத் தொடங்கிய பிறகு, நாங்கள் தயக்கத்தோடு மின்னேற்றும் பேச்சை எடுத்தோம். இந்தத் தயக்கத்துக்குக் காரணமுண்டு. உழவுக்கான பம்புசெட்டு மின்சாரம் இலவசம். அதில் காரைப் பூட்டுவது முறையன்று. வீட்டு இணைப்பிலோ அப்போது இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்தான் இலவசமாக இருந்தது. எங்கள் வண்டி ஓரிரவில் ஏறத்தாழ 25 யூனிட் குடித்துவிடும். அவர்கள் இரண்டு மாத விளக்குக்கும் விசிறிக்கும் வைத்திருப்பதில் கால் பங்கு அது.

மாமா மாவரைக்கும் கிரைண்டருக்கான பதினைந்து ஆம்பியர் பிளக்கைக் காட்டினார். செருகியதும் மின்னேற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது, எர்த் சரியில்லை. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "குழி காஞ்சு கெடக்கு, தண்ணி ஊத்துங்க" என்றார். அத்தை இரண்டு குடம் நீர் கொண்டுவந்து எர்த் குழியில் ஊற்றினார். சற்றுநேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. வேடிக்கை பார்த்த சிறுவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை மீட்டரைப் பார்த்துக் கணக்கிட்டு, ஐந்நூறு ரூபாயை மாமாவிடம் நீட்டினோம். அவர் முகம் மாறிவிட்டது.

"மாப்ளே, அந்தக் காலத்துல ஒறமொறைக்காரங்க வண்டி கட்டிக்கிட்டு வந்தா, மாட்ட அவுத்துக் கட்டி, தண்ணி காட்டி, வைக்கோலப் போட்டதுக்கு அப்புறந்தான் மனுசங்களுக்கே சோறு. மாட்டுக்குத் தீனி போட்டதுக்கு யாராச்சும் காசு குடுத்தாங்களா? குடுத்தா வாங்கியிருப்பமா?"

சொல்வதற்கு ஒன்றுமில்லை. ரூபாயைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டோம். அவர் சற்றுத் தணிந்து சிரித்தார். "ஏரித் தண்ணி உங்க ஊருக்குத்தான் வருது, நெய்வேலி கரண்டும் உங்க ஊருக்குத்தான் வருது. அதெல்லாம் கேக்காமலே வருது. இது ஒண்ணு நீங்களா வந்து கேட்டு வாங்கிக்கிட்டது. இதுக்குப் போயி காசா?"

மாமா இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் நகரத்தில் நாங்கள் அலகுக்கு இத்தனை ரூபாய் என்று செலுத்திவிட்டுக் கடன் தீர்ந்ததாக எண்ணும் பலவற்றை அச்சொல் தொட்டுவிட்டது. பில் கட்டியவுடன் தீர்ந்துபோகும் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு அடியில், தந்தவர் முகத்தைப் பார்த்தால் மட்டுமே தெரியவரும் கணக்கு வேறொன்றும் உண்டு. பெட்ரோல் வண்டியில் வந்திருந்தால் மாமாவிடம் எதையும் கேட்டிருக்க மாட்டோம். கேட்டதனால்தான் இந்தப் பேச்சு வந்தது.

திரும்பும் வழியில் எங்கும் மின்னேற்றவில்லை. மாமா வீட்டுத் தீனியிலேயே ஆவடி வந்து சேர்ந்தோம். பின்னே அரை மூட்டை வெள்ளைப்பொன்னி அரிசியும், முன்னே 24 விழுக்காடும் மிச்சமிருந்தன.

இவ்வழியில் மின்சார வண்டியில் செல்லவிருக்கும் நண்பர்களுக்குச் சில சொற்கள். எண்பதைத் தாண்டாதீர்கள். திண்டிவனத்தில் ஓரிடம் பழுதானால் மற்றோரிடம் உண்டு, நிற்பவரைக் கேளுங்கள். வடலூரில் இறங்காமல் போகாதீர்கள். உறவினர் வீட்டில் தங்குவதாயின் எர்த் குழியில் முதல் நாளே நீர் ஊற்றச் சொல்லிவிடுங்கள். காசு நீட்ட வேண்டா. அடுத்த முறை அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்படி செய்யுங்கள்.