கோல் அடிக்காத வெற்றி

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயரே அரங்கெங்கும் ஒலிக்கும். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துத் தந்தவரைப் பலரும் நினைப்பதில்லை. கிளாட் மக்கலேலே அத்தகைய வீரர்.

காங்கோவின் கின்ஷாசாவில் பிறந்து, பிரான்சில் வளர்ந்த அவர், 2000ஆம் ஆண்டு ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியில் சேர்ந்தார். சிடான், ஃபீகோ போன்ற நட்சத்திர வீரர்கள் தாக்குதலுக்கு முன்னேறும்போது, அவர் தற்காப்பு வீரர்களுக்கு முன்னே நின்று காத்தார். எதிரணியின் நகர்வை முன்னுணர்ந்து மறிப்பார், பந்தைப் பறிப்பார், அருகிலிருப்பவருக்கு எளிமையாகத் தட்டிவிடுவார். அவர் ஆடிய மூன்று பருவங்களில் அவ்வணி இருமுறை ஸ்பெயின் லீக் பட்டத்தையும் ஒருமுறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் வென்றது.

2003இல் அவர் கேட்ட ஊதிய உயர்வை நிர்வாகம் மறுத்தது. அவர் இங்கிலாந்தின் செல்சி அணிக்குச் சென்றார். அடுத்த மூன்று பருவங்களிலும் ரியல் மாட்ரிட் லீக் பட்டம் பெறவில்லை. செல்சியோ 50 ஆண்டுகளுக்குப் பின், 2005இல் லீக் பட்டம் வென்றது. 38 ஆட்டங்களில் அவ்வணிக்கு எதிராக விழுந்தவை 15 கோல்களே. இவற்றுக்கு அவர் ஒருவரே காரணர் அல்லர். எனினும், அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கண்ட பின்னரே அவரது உழைப்பின் மதிப்பை உலகம் உணர்ந்தது. அவர் நின்று காத்த அவ்விடம், இன்று ‘மக்கலேலே இடம்’ என்றே வழங்கப்படுகிறது.