ஒரு பாட்டு, நாலு வெர்ஷன், ரெண்டு காது

"நவம்பர் ரெயின்" பாட்டை உங்க ஆப்ல தேடிப் பாருங்க. ஒரே பாட்டு நாலஞ்சு தடவை வந்து நிக்கும். 1991 ஆல்பம்னு ஒண்ணு, ரீமாஸ்டர்னு ஒண்ணு, "2022 வெர்ஷன்"னு ஒண்ணு, பியானோ டெமோன்னு இன்னொண்ணு.

"டாக்டர், இதுல எதைக் கேட்கிறது? ரீமாஸ்டர்னா நிஜமாவே நல்லா இருக்குமா?" போன வாரம் இந்தப் பாட்டைப் பத்தி ஒரு வரி எழுதினதுக்கு இன்பாக்ஸ் முழுக்க இதே கேள்விதான்.

நைட் டியூட்டி முடிஞ்சு உட்கார்ந்து எழுதறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பாட்டுல ஆரம்பிச்சு காதுல போய் முடியும். பொறுமையா படிங்க.

முதல்ல, பாட்டைத் தெரியாதவங்களுக்கு. கன்ஸ் அண்ட் ரோசஸ் என்ற அமெரிக்க ராக் குழு. பாடியது ஆக்சில் ரோஸ், கிடார் ஸ்லாஷ். 1991 செப்டம்பர் 17 அன்று வெளியான "யூஸ் யுவர் இல்யூஷன் 1" ஆல்பத்தில் இருக்கு. கிட்டத்தட்ட 9 நிமிஷப் பாட்டு. 1992ல் தனிப் பாட்டாக வந்து அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 3வது இடம் பிடிச்சது.

இப்ப வெர்ஷன்களைப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதலாவது, 1986 டெமோ. ஆல்பம் வர 5 வருஷம் முன்னாடியே லாஸ் ஏஞ்சலஸ் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. பியானோவில் ஒண்ணு, அகூஸ்டிக் கிடாரில் ஒண்ணு. ரெண்டும் 2018ல்தான் அதிகாரபூர்வமா வெளியே வந்தது. இது வேற பதிவு. குரலே வேற நாள் பாடின குரல்.

ரெண்டாவது, 1991 ஆல்பம். மிக்ஸிங் பில் பிரைஸ், மாஸ்டரிங் ஜார்ஜ் மரினோ. இதுல வர்ற வயலின் கூட்டம் நிஜ ஆர்க்கெஸ்ட்ரா இல்லைங்க. சிந்தசைசர். வீடியோவில் மேடை நிறைய வயலின்காரங்க உட்கார்ந்திருப்பாங்க. காதுல விழறது ஆக்சில் ரோஸோட கீபோர்டு.

மூணாவது, 2022 ரீமாஸ்டர். பழைய அனலாக் மாஸ்டர் டேப்பையே எடுத்து, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல டிஜிட்டலாக்கி, புதுசா மாஸ்டரிங் பண்ணினது. பாடினதும் வாசிச்சதும் அதேதான்.

நாலாவது, "2022 வெர்ஷன்". கிறிஸ்டோபர் லென்னர்ட்ஸ் நடத்திய 50 பேர் கொண்ட நிஜ ஆர்க்கெஸ்ட்ராவைச் சேர்த்து, ஸ்டீவன் வில்சன் புதுசா மிக்ஸ் பண்ணினது.

மிக்ஸிங், மாஸ்டரிங் ரெண்டும் என்ன வித்தியாசம்?

சாம்பார் வைக்கிறதுதான் மிக்ஸிங். எவ்வளவு புளி, எவ்வளவு பருப்பு, முருங்கைக்காய் எப்ப போடணும் எல்லாம் அங்கே முடிவாகுது. மாஸ்டரிங் என்பது இறக்கினதுக்கு அப்புறம் உப்பு, காரம், பதம் பார்க்கிற வேலை. மொத்தச் சாம்பாரையும் சரி பண்ணலாம். முருங்கைக்காய்க்கு மட்டும் தனியா உப்பைக் குறைக்க முடியாது.

அதனால "ரீமாஸ்டர்ல ட்ரம்ஸை மட்டும் ஏத்திட்டாங்க"ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் யோசிங்க. அந்த அலைவரிசை மொத்தமும் ஏறியிருக்கும். கூடவே கிடாரும் குரலும் ஏறியிருக்கும்.

சரி, எது நல்லா இருக்கு?

இங்கதான் ஒரு மருத்துவரா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு பாட்டை ஒப்பிடும்போது, எது கொஞ்சம் சத்தமா ஒலிக்குதோ அது "நல்ல குவாலிட்டி"ன்னு மூளை தீர்ப்பு எழுதிடும். வித்தியாசம் ரொம்பச் சின்னதா இருந்தா "சத்தம் கூட"ன்னே உங்களுக்குத் தோணாது. "தெளிவா இருக்கு", "உயிரோட்டமா இருக்கு"ன்னுதான் தோணும்.

காரணம் நம்ம காதோட அமைப்பு. சத்தம் குறைவா இருக்கும்போது பேஸ் ஒலிகளும் உச்ச ஒலிகளும் காதுக்குச் சரியா எட்டாது. சத்தம் ஏற ஏற அந்த ரெண்டு முனையும் நிறைஞ்சு வரும். 1933லயே ஃபிளெட்சர், மன்சன் என்ற ரெண்டு பேர் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து வரைபடமே போட்டுட்டாங்க.

சிடி காலத்துல, முக்கியமா 90களிலிருந்து, மாஸ்டரிங்ல சத்தத்தை ஏத்திக்கிட்டே போனதுக்கும் இதுதான் அடிப்படை. பக்கத்துப் பாட்டை விட நம்ம பாட்டு ஓங்கி ஒலிக்கணும். அதுக்காக மெல்லிசான இடத்தைத் தூக்கி, உச்சமான இடத்தை அமுக்கி, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வர்றது.

இந்தப் பாட்டுக்கு அது பெரிய நஷ்டம். பியானோவில் மெதுவா ஆரம்பிச்சு, கடைசியில் மொத்தக் குழுவும் இடி மாதிரி இறங்கறதுதான் இதோட அழகே. மழை தூறலா ஆரம்பிச்சாதானே கொட்டும்போது தெரியும்?

புது மாத்திரையை எப்படிப் பரிசோதிப்போம்? எது மருந்து, எது வெறும் மாவு மாத்திரைன்னு நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. மத்த விஷயமெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். பாட்டுக்கும் அதே நியாயம்தான்.

அப்படித்தான் செஞ்சு பார்த்தேன். 1991 மாஸ்டரும் 2022 ரீமாஸ்டரும். ரெண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்து, கூட வேலை பார்க்கிற தம்பியை மாத்தி மாத்திப் போடச் சொல்லி, நான் திரும்பி உட்கார்ந்துக்கிட்டேன்.

பாதிக்குப் பாதி சரி, பாதிக்குப் பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டாலும் அதே ரிசல்ட்தான் வந்திருக்கும்.

"24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் எங்கே போச்சு டாக்டர்?"ன்னு கேட்பீங்க. சிடியோட 44.1 கிலோஹெர்ட்ஸே 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒலியைத் தாங்கும். மனுஷக் காதோட எல்லையும் அதுதான், அதுவும் சின்ன வயசுல. வயசு ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கிட்டே வரும். அதுக்கு மேல கொடுக்கிற ஒலியை நம்ம வீட்டு வௌவால் வேணா ரசிக்கலாம்.

ஆனா நாலாவது வெர்ஷனை யாரு போட்டாலும் சட்டுன்னு கண்டுபிடிச்சேன். கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்கினா எல்லா வயலினும் ஒரே நொடியில் கிளம்பும். நிஜ ஆட்கள் வாசிச்சா ஒவ்வொரு வில்லும் ஒரு மயிரிழை முன்னே பின்னே. அந்தச் சின்ன ஒழுங்கின்மைதான் நிஜம்.

அதுக்காக "ஆர்க்கெஸ்ட்ராதான் பாட்டைத் தூக்கிடுச்சு"ன்னு சொல்லிட முடியாது. மிக்ஸிங்கும் கூடவே மாறியிருக்கு. ரெண்டு மருந்தை ஒண்ணாக் கொடுத்துட்டு, எது வேலை செஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?

இப்ப எங்க அண்ணன் கதைக்கு வர்றேன். பெரியம்மா மகன். 25 வருஷமா மைக் செட் தொழில். கோயில் திருவிழா, கல்யாண வீடு, மெல்லிசைக் கச்சேரி எல்லாத்துக்கும் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துலயே நின்னவர். இந்தப் பாட்டை எனக்குக் காட்டினதே அவர்தான். ரெக்கார்டிங் சென்டர்ல கொடுத்துப் பதிஞ்ச காசெட். ஸ்லாஷ் கிடார் ஏறும்போது அடியில சிம்பல் எப்படிச் சிதறுதுன்னு விரலால தொடையில தட்டிக் காட்டுவார்.

ரீமாஸ்டரைப் போட்டுக் காட்டினேன். கேட்டுட்டு முகத்தைச் சுளிச்சார். "சிம்பலைக் குறைச்சுட்டானுங்கடா தம்பி."

1991 மாஸ்டரைப் போட்டேன். "இதுலயும் இல்லையே?" மறுபடி போடச் சொன்னார். மூணு தடவை கேட்டார். அப்புறம் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டார். ஒண்ணும் பேசலை.

அண்ணி ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தது அப்பதான் எனக்குப் பொருந்துச்சு. "கூப்பிட்டா திரும்பறார், ஆனா என்ன சொன்னேன்னு கேட்கிறார்."

மறுநாளே காது மூக்கு தொண்டை ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போய் ஆடியோகிராம் எடுத்தோம். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமா இறங்கியிருந்தது, ரெண்டு காதுலயும். தொடர் சத்தம் காதைக் கெடுத்ததுக்கான கையெழுத்து அது.

சிம்பலோட பளபளப்பு, வயலின் வில் உரசற ஓரம், பேச்சுல வர்ற ஸ், ஷ் மாதிரி எழுத்துக்களோட கூர்மை எல்லாம் ஏறக்குறைய இந்தப் பக்கத்துலயும் இதுக்கு மேலயும்தான் இருக்கு. மாஸ்டரிங் செய்யறவங்க "தெளிவு" வேணும்னு கை வைக்கிற இடமும் இதுதான். சத்தம் முதல்ல தின்கிற இடமும் இதுதான்.

உள்காதுல ஒலியை வாங்கற மயிர்ச் செல்கள் ஒரு பக்கத்துக்கு 15,000 சொச்சம்தான். மனுஷனுக்கு அது செத்தா திரும்ப முளைக்காது. அண்ணனுக்கு இப்ப காது கேட்கும் கருவி ட்ரயல் போயிட்டிருக்கு. பேச்சு நல்லாவே புரியுது. சிம்பல் பழையபடி வரலைன்னு சொல்றார். 1986 பியானோ டெமோ மட்டும் அவருக்கு முழுசாக் கேட்குது. இப்ப அதைத்தான் போடச் சொல்றார்.

நீங்க செய்ய வேண்டியது என்ன?

வெர்ஷன்களை ஒப்பிடறதுக்கு முன்னாடி ஆப் செட்டிங்ஸ்ல சத்தத்தைச் சமப்படுத்தற வசதியை ஆன் பண்ணுங்க. யாரையாவது மாத்திப் போடச் சொல்லி, பேரைப் பார்க்காம கேளுங்க. வித்தியாசம் தெரியலைன்னா காசு மிச்சம். தெரிஞ்சா உங்களுக்குப் பிடிச்சதை வச்சுக்குங்க.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, பெரியவங்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் போனா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஹெட்போன் எத்தனை டெசிபல்னு சில போன்களே காட்டும்.

பஸ் சத்தத்துக்கு மேல பாட்டை ஏத்தாதீங்க. காதை நல்லா அடைக்கிற இயர்போன் போட்டு சத்தத்தைக் குறைங்க.

கச்சேரி முடிஞ்சு காதுல "ஙொய்"னு சத்தம் வந்தா, காலைல நின்னுட்டாலும், அது எச்சரிக்கை. மைக் செட், ட்ரம்ஸ், தறி, லேத் வேலையில் இருக்கறவங்க காதுக்கு அடைப்பான் போடுங்க. வருஷம் ஒரு தடவை ஆடியோகிராம் எடுங்க. காது மூக்கு தொண்டை பிரிவு இருக்கிற அரசு மருத்துவமனையில் கேளுங்க.

வீட்டுல யாராவது "கேட்குது, புரியலை"ன்னு சொன்னா வயசுன்னு விட்டுடாதீங்க. இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.