நாலு செக்கன்

1996 மாரி. ஈஸ்ட் ஹாமில் ஹைஸ்ரீற் நோர்த்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தோம். நான் பழைய ரொயோட்டா கரினா ஒன்றில் மினிகப் ஓடினேன். ஒட்டோமற்றிக். காலையில் ஸ்ரார்ட் பண்ணி 'டி'யில் போட்டால் அசையாது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணலாம். பிறகு யாரோ பின்னால் நின்று உதைத்ததுபோல ஒரு குலுக்கத்தோடு புறப்படும்.

ஒரு கராச்சில் காட்டினேன். பொனெற்றைக்கூடத் திறக்கவில்லை. கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது, மாற்ற அறுநூறு பவுண் என்றார்கள். என்னிடம் அறுநூறு பவுண் இருந்தது. ஆனால் அது கொழும்பு லொட்ஜில் அடைந்து கிடந்த தம்பியின் காசு. ஏஜென்சிக்காரனுக்குக் கட்டவேண்டிய முதற்பங்கு. காருக்குக் கொடுத்தால் தம்பி அங்கேயே. தம்பிக்குக் கட்டிக் கார் நின்றால் அடுத்த பங்குக்கு உழைப்பில்லை.

மேல் அறையில் இருந்தவரை 'கராச் அண்ணை' என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் கராச் வைத்திருந்தவர். 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிப் பெற்றோல் வராமல் நின்றபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவர்களில் ஒருவர். 1995 இடப்பெயர்வோடு எல்லாம் போயிற்று. இங்கே பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. "அங்கை பெற்றோல் இல்லாமல் கார் ஓட்டினன், இங்கை பெற்றோல் விக்கிறன்" என்று சிரிப்பார்.

ஊரில் அவர் கை வைத்ததெல்லாம் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும். ஒட்டோமற்றிக்கை லண்டனில்தான் படித்தார், நூலகப் புத்தகமும் அகராதியுமாக.

"தம்பி, இது தள்ளி ஸ்ரார்ட் பண்ணுற சாமான் இல்லை. எஞ்சின் சுத்தினாத்தான் பம்ப் சுத்தும். பம்ப் சுத்தினாத்தான் ஒயிலுக்குப் பிரஷர். பிரஷர் வந்தாத்தான் உள்ளுக்குக் கிளச் பிடிக்கும். நல்ல பெட்டியெண்டா ஒரு செக்கன், கூடிப்போனா ஒண்டரை. நாலெண்டா பிரஷர் எங்கையோ தவறுது."

ஞாயிறு காலை, காரை ஓடிச் சூடாக்கி, எஞ்சினை நிறுத்தாமல், லீவரை எல்லாக் கியருக்கும் கொண்டுபோய் 'பி'யில் விட்டு, டிப்ஸ்ரிக்கை இழுத்தார். ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. மண்ணிறம். மூக்கில் வைத்து மணந்தார். "கருகின மணம் இல்லை. கிளச் இன்னும் இருக்கு."

றேடியேற்றருக்குப் போகும் ஒயில்குழாயின் மூட்டில் கசிவு. கீழ்த்தட்டைக் கழற்றினோம். அதிலிருந்த காந்தத்தில் பசைபோலச் சாம்பல்நிறத் தூள். அது வழமையானது என்றார். இரும்புச் சீவல்கள் கிடந்தால்தான் பயப்பட வேண்டுமாம். பில்ரர் அழுக்கால் அடைபட்டிருந்தது. புதுப் பில்ரர், கஸ்கெற், ஒயில் எல்லாமாக நாற்பது பவுணுக்குள். தட்டைக் கழற்றினாலும் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும் பழைய ஒயில் இறங்காது என்பதால் இரண்டு கிழமை கழித்து இன்னொருமுறை மாற்றினோம்.

நாலு செக்கன் இரண்டாகியது. சூடேறினால் ஒன்று. அதற்குமேல் குறையவில்லை.

"உள்ளுக்கிருக்கிற றப்பர் சீல் இறுகிப் போச்சு. குளிருக்கை ஒயிலைத் தப்ப விடும். பெட்டியைப் பிரிச்சாத்தான் மாத்தலாம். பிரிக்காமலும் கனகாலம் ஓடும். ஆனா அந்த ரண்டு செக்கனுக்கை நீர் அக்சிலேற்றரை மிதிக்கிறீர். பிடியாத கிளச்சை உரச விடுறீர். அதுதான் பெட்டியைத் தின்னும்."

உண்மைதான். அசையவில்லை என்றதும் கால் தானாக மிதித்துவிடும். அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அறுநூறு பவுணும் கொழும்புக்குப் போனது. அவரிடம் கூலி என்று நீட்டினேன், வாங்கவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அப்போது வன்னியில். அகதி வழக்கு முடிவு வராமல் அவர்களைக் கூப்பிட வழியில்லை. தினமும் காலை வேலையால் வந்ததும் கதவடியில் குனிந்து கடிதங்களைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

1997 கடைசியில் தம்பி வந்து சேர்ந்தான். மறுநாள் விடிய அவனை ஏற்றிக்கொண்டு 'டி'யில் போட்டேன்.

"ஏன் அண்ணை நிக்கிறியள்?"

"பொறு" என்றேன். கால் பிரேக்கில் இருந்தது. மேலே கராச் அண்ணையின் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது.