கோடு போட்ட நோட்டு

வில்லியனூர் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி மூலக்குளத்தில் இறங்கி, உள்ளே போகும் தெருவில் கொஞ்சம் நடந்தால், மனை போடாமல் தப்பித்த ஒரு திடல் வரும். கோல் கம்பம் உண்டு, வலை கிடையாது. ஒரு பக்கம் நீளமான காம்பவுண்டுச் சுவர். அதில் சுண்ணாம்பால் நாலு கட்டம் போட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்கு முன்பே அந்தச் சுவரில் பந்து மோத ஆரம்பித்துவிடுகிறது.

உதைத்துக்கொண்டிருந்தவனுக்குப் பத்தொன்பது வயது. வெளிமாநிலக் கிளப் ஒன்றின் இரண்டாம் அணியில் ஒப்பந்தக்காரன். இடைவெளியில் வீட்டுக்கு வந்திருக்கிறான். பெயர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். கிளப்பைக் கேட்காமல் பேட்டி கொடுக்கக்கூடாதென்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம்.

கோல் அடித்துப் பழகுவான் என்று நினைத்துத்தான் போய் உட்கார்ந்தேன். அவன் கோல் பக்கமே திரும்பவில்லை. சுவரில் பட்ட பந்து தன்னிடம் வந்து சேர்வதற்குள் வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பந்திலிருந்து தள்ளி இருக்கிற காலில் அதை வாங்கி, அதே அசைவில் உடம்பைத் திருப்பி அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறான். பின்னால் நிற்கும் பொடியன் விரல்களைக் காட்டுவான். பந்து காலில் படுமுன் எத்தனை விரல் என்று இவன் சொல்லியாக வேண்டும். "மூணு." "ஒண்ணு." "அஞ்சு." பிறகு காலை மாற்றி, இடது காலில் அதே வேலை.

"பந்து வந்தப்புறம் யோசிச்சா அது தெரு ஆட்டம் சார்" என்றார் மாஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர். அப்பா ரோடியர் மில் தொழிலாளி. ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறியும் ஊர் ரோடியர் என்றே சொன்ன அந்த மில் 2020இல் மூடப்பட்டது. இவர் காலையில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குத் தனியார் கம்பெனி வேலைக்குப் போகிறார். "இவனுக்கு இடது காலுன்னு ஒண்ணு இருக்கறதே பன்னெண்டு வயசு வரைக்கும் தெரியாது. மூணு வருஷம் ஆச்சு. அந்தச் சுவத்துக்காரர் எத்தனை தடவை திட்டியிருப்பார்!"

புதுச்சேரிக்கு சந்தோஷ் கோப்பையில் சொந்த அணி உண்டு. உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் உண்டு. ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் கிளப் கிடையாது. பந்தைத் தொழிலாக எடுத்துக்கொள்ளும் பையன் திண்டிவனம் வழியாகச் சென்னைக்கோ, அதைத் தாண்டியோ போயாக வேண்டும். எந்தப் பக்கம் என்ற குழப்பம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1948 ஜூலை 31 அன்று சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்தை லண்டன் அருகே இல்ஃபோர்டில் ஆடியபோது எதிரணி பிரான்ஸ். இந்தியா இரண்டு பெனால்ட்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றது. அன்று இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவந்த ஊர்ச் சொல்தாக்கள் யாருக்குக் கை தட்டியிருப்பார்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன். "பென்ஷன் எங்கிருந்து வருதோ அவங்களுக்குத்தான்" என்றார்.

கிளப்புக்குப் போன முதல் ஆண்டைப் பற்றிப் பையன் பேச ஆரம்பித்ததும் சுவர்ப் பந்து நின்றது. "இங்க நான்தான் எல்லாம்ணா. கார்னர் நான், ஃப்ரீ கிக் நான், சண்டை வந்தாலும் நான். அங்க போனா என் பொசிஷன்ல எனக்கு முன்னாடி நாலு பேர்." முதல் மாதங்களில் அவனுக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. மார்பில் ஜி.பி.எஸ். உள்ளாடையை மாட்டிக்கொண்டு ஓடுவது, எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று போனில் பதிவது, தான் பந்தை இழந்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளியை எல்லோர் முன்னாலும் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம் என்றான். சம்பளம் பற்றிக் கேட்டபோது, "வீட்டு வாடகை நான்தான் கட்றேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அவன் போனின் முகப்பில் சிவசக்தி நாராயணன் படம். காரைக்குடி பக்கம் கண்டனூர்க்காரர், 2001இல் பிறந்தவர், பெங்களூரு எஃப்.சி. முன்கள ஆட்டக்காரர். 2022 செப்டம்பரில் மும்பை சிட்டிக்கு எதிரான டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் வளர்ந்துவரும் வீரர் விருதும் அவருக்கே. ஆனால் பையன் எனக்குச் சொன்னது இரண்டையும் அல்ல. 2023 மார்ச் 18, ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களில் அடிபட்டு சிவசக்தி வெளியே வர, மூத்த வீரர் சுனில் சேத்ரி உள்ளே போனார். "சீசன் முழுக்க ஓடிட்டு ஃபைனல்ல அஞ்சு நிமிஷம்ணா" என்றான். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜுக்கு 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனதையும் தேதியோடு சொல்கிறான். இந்த வயதுப் பையன்கள் கோல்களைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். சம்பளத்துக்கு ஆடத் தொடங்கியவன் காயங்களையும் கணக்கில் வைக்கிறான்.

காயம் இல்லாமலும் வேலை போகும். 2025 ஜூலையில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாகவே அறிவித்தது. சேத்ரி ஆடிய கிளப்பிலேயே அந்த நிலை என்றால், இரண்டாம் அணிப் பையன் யாரைப் போய்க் கேட்பான்? 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலைக்காகச் சேர்ந்து நின்ற மில் தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிரெஞ்சுக் காவலர் துப்பாக்கிக்குப் பலியான ஊர் இது. கால்பந்து வீரர்களுக்கும் இந்தியாவில் 2006 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. பைச்சுங் பூட்டியா தலைமையில் தொடங்கியது. பையன் அதைக் கேள்விப்பட்டதில்லை. மில்காரர் மகனான மாஸ்டரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடது காலுக்கு மூன்று வருஷம் கொடுத்தவர் இதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கியிருக்கலாம்.

ஏழரை மணிக்கு மாஸ்டர் பையிலிருந்து கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்தார். வருகைப் பதிவேடு. பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வரை அந்தப் பையன் வந்த நாள், வராத நாள், அம்மை போட்ட நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஃபிஃபா விதிப்படி ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசி மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், அதன்பின் அரை. கோடி ரூபாய்க்கு மாறினான் என்று வைத்துக்கொண்டால், இந்த நோட்டில் உள்ள நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். வலை வாங்கலாம், பந்து வாங்கலாம், சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்கலாம். உள்நாட்டு மாற்றங்களிலும் பயிற்சி தந்தவர்களுக்குப் பலன் சேர ஏற்பாடு வேண்டும் என்று அதே விதி நாட்டுக் கூட்டமைப்புகளுக்குச் சொல்கிறது.

ஆனால் கூட்டமைப்பின் கணினிப் பதிவில் இந்தத் திடல் இல்லை. பையன் அதில் முதன்முதலாக ஏறியது பதினாறு வயதில், வேறு ஊரின் கிளப் பெயரில். வயதுப் பிரிவுப் போட்டிக்காக இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தார்களே, அந்தத் தாள்கூட அங்கேதான் இருக்கிறது. காகிதப்படி அவன் மூலக்குளத்தில் பந்தைத் தொட்டதே இல்லை.

மாஸ்டருக்கு அதில் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. "இவன் போனது போச்சு. இப்ப வர்ற பன்னெண்டு வயசுப் பயலுவளுக்காவது பண்ணணும்" என்று கிளப்பைச் சங்கமாகப் பதிவதற்கான படிவத்தை நோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பாதி நிரப்பியிருந்தது. தலைவரும் பொருளாளரும் ஒரே வீட்டில் இருக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், நாளைக்குப் பேச்சு வரும் என்றேன். அப்படியானால் பொருளாளராக இந்தப் பையனின் அம்மாவைத்தான் கேட்கவேண்டும் என்றார். அவர் மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறவர்.

"அவங்க கையில ஒரு ரூபா தப்பாது சார். கடலூர் டோர்னமென்ட்டுக்கு வேன் வெச்ச காசுல எழுவது ரூபா பாக்கின்னு இன்னும் எங்கிட்டயே கேட்டுக்கிட்டிருக்காங்க."