தொடங்குவதா, விடுவதா?

வாளேந்திய வீரனாய் நாமே உருக்கொண்டு, பரந்த நிலமெங்கும் விரும்பியவாறு உலவிப் போரிடும் வீடியோ விளையாட்டு ‘எல்டன் ரிங்’. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. இயக்கியவர் ஹிதேடகா மியாசாகி. அதன் தொன்மக் கதைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். கதைப்பற்று நம்மை ஈர்க்கின்றது. அதன் கடுமை தயங்க வைக்கின்றது.

எளிது, கடினம் எனத் தெரிந்தெடுக்கும் வசதி அதில் இல்லை. மடிந்தால், ஈட்டிய ‘ரூன்கள்’ மடிந்த இடத்திலேயே கிடக்கும். மீட்கச் செல்லும் வழியில் மீண்டும் மடிந்தால் அவையும் போயின! பகலெல்லாம் வகுப்பெடுத்து, இரவில் விடைத்தாள் திருத்தியபின் எஞ்சுவது ஒரு மணி நேரம். அதனையும் இவ்வாறு இழப்பதா? நம் தயக்கத்தின் வேர் இதுவே. விரல்களின் வேகக்குறைவு அன்று.

எனினும் மாணவ நண்பர்கள் உரைத்த ஒரு செய்தி நம் மனத்தை அசைத்தது. திறந்த வெளியில் அடிவைத்த சிறிது தொலைவிலேயே பொற்கவசம் பூண்ட குதிரை வீரன் ஒருவன் உலவுகின்றான். புதியவர் பலர் அவன் கையில் மாள்கின்றனர். ஆனால் அவனை அப்போதே வென்றாக வேண்டும் என்னும் கட்டாயமில்லை! ஒதுங்கிச் சென்று, ‘டோரண்ட்’ என்னும் குதிரையைப் பெற்று, வேறிடங்களில் வலிமை சேர்த்துத் திரும்பலாம். (ஒதுங்குதல் கோழைமை என்பாரும் உளர், நாம் அக்கட்சியினர் அல்லேம்.) கடுமை குறையவில்லை; அதனை எந்நாளில் எதிர்கொள்வது என்பதை நாமே முடிவு செய்யலாம் என்பதுதான் வேறுபாடு.

ஆகவே, பருவத்தேர்வு விடைத்தாள்கள் முடிந்ததும் தொடங்குவதாக உள்ளோம். முதல் வாரம் முழுதும் அவ்வீரனின் பக்கமே செல்லமாட்டோம்.